56 வெற்றி, 5 தோல்வி: ஒரு பாக்சரின் கணக்கைப் படிப்பது எப்படி?

1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். வடசென்னையில் எழுபது வயதைத் தொட்ட பாக்சிங் ரசிகர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அந்த நாள் வந்துவிடும். துறைமுகத்தில் வேலை பார்த்த என் பெரியப்பாவும் போயிருந்தார், கூட்டத்தில் எங்கோ பின்னால் நின்றுதான் பார்த்தாராம். "இன்னா சதை போட்டுட்டாருடா மனுசன்" என்பதுதான் அவர் முதலில் சொல்வது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா அலி அலிதான்" என்பார்.

சின்ன வயதில் எனக்கு இது குழப்பமாக இருக்கும். பிறகு தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது. அன்று அலிக்கு 38 வயது. முந்தைய ஆண்டே ஓய்வை அறிவித்திருந்தார். அதே 1980 அக்டோபரில் லேரி ஹோம்ஸை எதிர்த்து மறுபடி ரிங்கில் ஏறி, வாங்கக் கூடாத அடியெல்லாம் வாங்கினார். பெரியப்பா பார்த்தது இறங்குமுகத்தில் பாதி வழி வந்துவிட்ட அலியை.

எங்கள் பக்கத்துப் பையன்கள் இப்போது செல்போனில் உலகத்துச் சண்டைகளையெல்லாம் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பாக்சர் பெயருக்குக் கீழும் ஒரு கணக்கு வரும். அலியுடையது 56-5, அதாவது 61 போட்டியில் 56 வெற்றி, 5 தோல்வி. வெற்றிகளில் 37 நாக்-அவுட். "இவரு அஞ்சு தபா தோத்துருக்காரு, மேவெதர் ஒரு தபா கூட தோக்கல. அப்ப யாரு பெரிய ஆளு?" என்று என்னிடம் கேட்டான் ஒருவன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்த ஐந்து தோல்விகளில் மூன்று, அலியின் கடைசி நான்கு போட்டிகளில் வந்தவை. வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் இது தெரியாது. எந்தத் தோல்வி எப்போது வந்தது, எதிரில் நின்றது யார் என்று கேட்டால்தான் தெரியும்.

இரண்டு வகை பாக்சிங்

முதலில் ஒரு வேறுபாடு. நம் பையன்கள் ஆடுவது பெரும்பாலும் அமெச்சூர் பாக்சிங். மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று போட்டித் தொடர்கள். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவரோடு மோத வேண்டியதுதான். பதக்கம் வாங்கினால் ரயில்வேயிலோ, பெரம்பூர் ஐ.சி.எஃப்.பிலோ, போலீஸிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை. அந்த வேலைதான் இலக்கு. வீட்டுக்கு மாதச் சம்பளம் வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை பாக்சிங் ஜெயித்துவிட்டது.

தொழில்முறை பாக்சிங் வேறு. அதில் மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு தொகை. தொடக்கத்தில் 4 ரவுண்டு, பிறகு 6, 8, 10. பட்டத்துக்கான சண்டை 12 ரவுண்டு. அமெச்சூரில் ஒன்பது நிமிடத்தில் முடிவது இங்கே 36 நிமிடம் வரை நீளும். எல்லாவற்றையும் விட முக்கியமான வித்தியாசம், எதிராளியைச் சீட்டு தீர்மானிப்பதில்லை. உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம்மவர்களில் விஜேந்தர் சிங்கை எடுத்துக்கொள்ளலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம். 2015-இல் தொழில்முறைக்குப் போனார். தொடர்ந்து 12 வெற்றி. முதல் தோல்வி 2021 மார்ச்சில், 35 வயதில். தொழில்முறையில் அவர் முதல் குத்து விடும்போதே வயது 30-ஐ நெருங்கிவிட்டது. பதக்கத்துக்காகச் செலவான வருடங்களை இங்கே யாரும் திருப்பித் தருவதில்லை.

இந்த இரண்டு வகையிலும் அடங்காத ஒன்று வடசென்னையில் இருந்தது: பரம்பரைகளின் குத்துச்சண்டை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பிரிந்து நின்று மோதினார்கள். டிக்கெட் போட்டு நடந்த சண்டைகள்தான், கூட்டமும் அலைமோதும். ஆனால் பந்தயப் பொருள் மானம். அதனால்தான் அதற்கு ரோஷமான குத்துச்சண்டை என்று பெயர். நாட் டெர்ரி என்ற பாக்சரை வீழ்த்திய கித்தேரி முத்துவின் பெயரை இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சாமி பெயர் மாதிரி சொல்வார்கள். அந்த அமைப்பில் சொல்லிக்கொடுப்பதும், யாரோடு மோதலாம் என்று முடிவெடுப்பதும், போதும் என்று நிறுத்துவதும் பெரும்பாலும் ஒரே ஆளின் பொறுப்பு. அவர் வாத்தியார். தொழில்முறை பாக்சிங்கில் அந்த ஒரு ஆளை நான்காகப் பிரித்துவிட்டார்கள். பயிற்சியாளர், மேனேஜர், போட்டி நடத்தும் புரமோட்டர், எதிராளியைத் தேடித் தரும் மேட்ச்மேக்கர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

ஏறுமுகத்தைக் கட்டுபவர்கள்

அலியின் முதல் தொழில்முறைப் போட்டி 1960 அக்டோபர் 29. எதிராளி டன்னி ஹன்சேக்கர், மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சிறிய ஊரின் போலீஸ் தலைவர். பாக்சிங் அவருக்குப் பக்கத் தொழில். ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி வந்த 18 வயதுப் பையனுக்கு அப்படியொரு ஆளைத்தான் முதலில் நிறுத்தினார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 6 ரவுண்டு ஓடிப் பழகட்டும் என்பதுதான் எண்ணம்.

ஏறுமுகத்தில் இருக்கும் பாக்சருக்குப் போட்டி என்பது ஒரு வகுப்பு மாதிரி. ஒருவர் உயரமாக இருப்பார். கை எட்டாத தூரத்தை எப்படிக் கடப்பது என்று பழக அவர். இன்னொருவர் இடக்கை ஆட்டக்காரர். கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாமே தலைகீழாக வரும். ஒருவர் கட்டிப்பிடித்தே நேரத்தைக் கடத்துவார். இன்னொருவர் எவ்வளவு அடித்தாலும் விழமாட்டார், அவரிடம் பொறுமையைக் கற்க வேண்டும். நல்ல மேட்ச்மேக்கருக்கு இந்த வரிசை அத்துப்படி. அலியை இப்படி 19 போட்டிகளில் ஏற்றிவந்து, 1964 பிப்ரவரியில் சோனி லிஸ்டன் முன் நிறுத்தினார்கள். 22 வயதில் உலக ஹெவிவெயிட் சாம்பியன். மைக் டைசனுக்கு இன்னும் வேகம். 1985-இல் மட்டும் 15 போட்டி, எல்லாம் வெற்றி. 1986 நவம்பரில் 28-ஆவது போட்டியில் 20 வயதுச் சாம்பியன்.

ஏறுகிறவர்களுக்கு எதிரில் தோற்கவும் ஆள் வேண்டுமே. இங்கிலாந்தில் பீட்டர் பக்லி என்று ஒருவர். 300 தொழில்முறைப் போட்டிகள், அதில் 256 தோல்வி. 2008-இல் கடைசிப் போட்டியை வென்றுவிட்டு ஓய்வு பெற்றார். இந்த எண்ணைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. திடீரென்று போன் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, வளரும் பையன் ஒருவனுக்கு 4 ரவுண்டோ 6 ரவுண்டோ பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, தானும் பெரிதாக அடிபடாமல் கூலியோடு வீடு திரும்புவது ஒரு தனித் திறமை. தொழில்முறை பாக்சிங் நிற்பது இவர்கள் தோள்மீதுதான்.

ஆகவே ஒருவர் கணக்கில் 15-0 என்று இருந்தால் முதலில் கேட்க வேண்டியது, யாரோடு மோதினார் என்பது. தோல்வியே இல்லாத கணக்கை வைத்துத்தான் டிக்கெட் விற்கிறார்கள். அதனால் அந்தப் பூஜ்ஜியத்தைக் காப்பாற்றுவதே சிலருக்குத் தொழிலாகிவிடுகிறது. ராக்கி மார்சியானோ 49-0, மேவெதர் 50-0. இவர்கள் உண்மையிலேயே பெரியவர்களை வென்றவர்கள். ஆனால் 1988-இல் தன் முதல் தொழில்முறைப் போட்டியிலேயே தோற்ற பெர்னார்ட் ஹாப்கின்ஸ், பிறகு மிடில்வெயிட் பட்டத்தை 20 முறை காத்தார். முதல் வரியில் ஒரு தோல்வி இருந்ததால் அவர் குறைந்துவிடவில்லை.

பட்டத்தைப் பற்றி ஒரு வரி போதும். 17 அல்லது 18 எடைப்பிரிவு, பெரிய அமைப்புகள் நான்கு, ஒவ்வொன்றும் தனித்தனி பெல்ட் தருகிறது. "உலக சாம்பியன்" என்று யாராவது சொன்னால் எந்த அமைப்பு, எந்த எடை என்று கேளுங்கள்.

இறங்குமுகம் எங்கே தொடங்குகிறது

காசிமேட்டில் ஒரு கொட்டகையில் நான் சில மாதம் பயிற்சிக்குப் போனேன். அங்கே இருந்த வாத்தியார் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) நடக்கும்போது யார் கையையும் பார்க்கமாட்டார். "கைய பாத்தா ஏமாந்துருவ, கால பாரு" என்பார். அப்போது எங்களுக்கெல்லாம் அண்ணனாக இருந்த ஒருவர், நல்ல அடிக்காரர், ஒருநாள் மாலை வழக்கம்போல இரண்டு பையன்களை ஓட ஓட விரட்டிவிட்டு உட்கார்ந்தார். வாத்தியார் போய் அவர் கையிலிருந்து க்ளவுஸைக் கழற்றி, தன் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், அண்ணனின் பாக்சிங் அன்றோடு முடிந்தது. எங்களுக்குக் கோபம். ஜெயித்த ஆளை ஏன் நிறுத்த வேண்டும்? பல வருடம் கழித்துத்தான் அது ஏன் என்று எனக்குப் புரிந்தது.

கண்ணால் ஒன்றைப் பார்த்து அதற்கு உடம்பு அசைய ஏறக்குறைய நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். நல்ல பாக்சரின் ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து) அதற்குள் வந்து சேர்ந்துவிடும். அதாவது வருகிற குத்தைப் பார்த்து விலகுவது நடக்காத காரியம். தோள் அசைவதை, முன்னங்காலில் எடை மாறுவதை வைத்து, குத்து கிளம்பும் முன்பே ஊகிக்கிறார்கள். இந்த ஊகம் அனுபவத்தால் வளரும். உடம்பின் வேகம் வயதால் குறையும். ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. இரண்டும் நல்ல உயரத்தில் சந்திக்கிற சில வருடங்கள்தான் ஒரு பாக்சரின் பொற்காலம். அதற்குப் பிறகு அனுபவம் உடம்பின் குறையை மூடிமறைக்கத் தொடங்கும். மறைப்பது அவ்வளவு நேர்த்தியாக இருக்கும் என்பதால் வெளியே யாருக்கும் தெரியாது. சமயத்தில் அவருக்கே தெரியாது. போட்டிகளில் ஜெயித்துக்கொண்டே இருப்பார். ஆனால் முன்பு காலை நகர்த்தித் தப்பித்தவர் இப்போது கையை உயர்த்தித் தடுப்பார். முன்பு ரவுண்டு முழுக்க ஆடியவர் கடைசி முப்பது விநாடி மட்டும் ஆடுவார். முன்பு காற்றில் போன குத்து இப்போது காதோரம் உரசும். கால்தான் முதலில் போகும் என்று பாக்சிங்கில் எல்லா ஊரிலும் சொல்வார்கள். எங்கள் வாத்தியார் பார்த்தது அதைத்தான்.

யாருக்கு எவ்வளவு சீக்கிரம் போகும் என்பது ஆடும் விதத்தைப் பொறுத்தது. ராய் ஜோன்ஸ் ஜூனியர் கையைத் தாழ்த்தி, வெறும் வேகத்தை நம்பி ஆடியவர். 2003 மார்ச்சில் ஹெவிவெயிட் பட்டம்கூட வென்றார். அதுவரை அவர் கணக்கில் ஒரே ஒரு தோல்வி, அதுவும் விதிமீறலுக்காக வந்தது. 2004 மே மாதம் ஆன்டோனியோ டார்வர் அவரை இரண்டாவது ரவுண்டில் சாய்த்தார். நான்கு மாதத்தில் க்ளென் ஜான்சன் மறுபடி சாய்த்தார். வேகம் ஒரு மயிரிழை குறைந்ததும் தாழ்ந்திருந்த கை ஆபத்தாகிவிட்டது. இதற்கு நேர்மாறு ஜார்ஜ் ஃபோர்மேன். குத்தின் பலம் கடைசி வரை உடம்பில் தங்கும் சொத்து. பத்து வருடம் ஒதுங்கியிருந்து திரும்பி வந்த அவர், 1994 நவம்பரில், 45 வயதில், புள்ளிகளில் பின்தங்கியிருந்த நிலையில் 10-ஆவது ரவுண்டில் ஒரு வலக்கைக் குத்தால் மைக்கேல் மூரரை வீழ்த்தி மறுபடி சாம்பியன் ஆனார். அவர் ஆட்டத்தில் கால்களின் வேலை முன்பிருந்தே குறைவுதான். அதனால் கால் போனபோது இழந்ததும் குறைவு.

அலி ராய் ஜோன்ஸ் பக்கம். தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் குத்தைத் தவறவிடுகிற அவர் பாணி முழுக்க முழுக்க காலையும் கண்ணையும் நம்பியது. 1967-இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காகப் பட்டத்தைப் பிடுங்கி, மூன்றரை வருடம் ரிங்கில் ஏறவிடாமல் வைத்தார்கள். 25 முதல் 28 வயது வரை, ஒரு பாக்சரின் பொன்னான வருடங்கள். திரும்பி வந்தபோது பழைய கால் இல்லை. அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்தது, தன்னால் அடி தாங்க முடியும் என்பதை. 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஃபோர்மேனின் குத்துகளையெல்லாம் வாங்கிக் களைக்கவைத்து வென்றார். உலகமே கொண்டாடிய வெற்றி. எனக்கு அதை இப்போது பார்த்தால் வயிறு கலங்குகிறது. அடி தாங்குவது ஒரு உத்தியாகிவிட்டால் அது பயிற்சிக்கூடத்திலும் தொடரும். ஸ்பாரிங்கில் வாங்கும் அடி எந்தக் கணக்கிலும் ஏறாது, மூளையில் மட்டும் ஏறும்.

மூளை மண்டைக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று திரும்பினால் மூளை அதே வேகத்தில் திரும்பாமல் இழுபடும். ஒரே பெரிய குத்தில் ரத்தக்குழாய் கிழிவது ஒரு வகை ஆபத்து. சின்னச் சின்னக் குத்துகள் வருடக்கணக்கில் சேர்ந்து நரம்பு இழைகளைக் கெடுப்பது இன்னொரு வகை. பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, மறதி என்று பாக்சர்களிடம் காணும் இந்த நிலையை ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார். புதிய செய்தி அல்ல.

எடை குறைப்பதும் இதில் சேரும். எடை பார்க்கும் நாளுக்காகத் தண்ணீரை நிறுத்தி, வெயிலில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடும் பையன்களை நம் கடற்கரைச் சாலையிலேயே பார்க்கலாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் தம்பிகளா. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது தலையில் அடி வாங்குவது இரட்டை ஆபத்து. 1982 நவம்பரில் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம், 14-ஆவது ரவுண்டில் விழுந்து சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான், மேலே சொன்ன நான்கு அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. பட்டப் போட்டிகளை 15 ரவுண்டிலிருந்து 12-ஆகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்னால் வந்தன.

ஏன் நிறுத்த முடிவதில்லை

பணம். ஒரு சண்டைக்கு ஒரு லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேனேஜருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை போகும். பயிற்சியாளருக்குப் பத்தில் ஒன்று. மிச்சத்தில் பயிற்சிக் காலச் செலவு, ஸ்பாரிங் ஆட்களுக்குக் கூலி, பயணம், வரி. கையில் நிற்பது பாதிகூட இருக்காது. அடுத்த சண்டை ஆறு மாதம் கழித்து. பென்ஷன், பி.எஃப். எதுவும் கிடையாது. 12 வருடம் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்து பட்டத்தை 25 முறை காத்த ஜோ லூயிஸ், வரிபாக்கிக்காகத்தான் ஓய்விலிருந்து திரும்பி வந்தார். 1951-இல் மார்சியானோ அவரைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளி வீழ்த்தினார். கோடிகோடியாகச் சம்பாதித்த டைசன் 2003-இல் திவால் மனு போட்டார்.

பணம் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. பதினைந்து வயதிலிருந்து விடிகாலை ஓட்டமும் மாலைப் பயிற்சியுமாக இருந்த ஒருவரிடம் நாளையிலிருந்து எழ வேண்டாம் என்றால் அவர் என்ன செய்வார்? அவர் ரிங்குக்கு வந்தால் வருமானம் பார்க்கிறவர்களும் சுற்றியே இருக்கிறார்கள். பரம்பரை வாத்தியாரை நான்காகப் பிரித்தார்கள் என்று சொன்னேன் இல்லையா, அதன் விலை இங்கேதான் தெரியும். "போதும்" என்று சொல்லும் வேலை அந்த நான்கு பேரில் யாருக்கும் தெளிவாக ஒதுக்கப்படவில்லை. சொல்கிறவருக்கு வருமானமும் போகும்.

அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ சொல்லிப் பார்த்தார். 1977-இல் எர்னி ஷேவர்ஸுடன் நடந்த கடுமையான போட்டிக்குப் பிறகு, சிறுநீரகம் கெட்டுவருவதைக் காட்டும் பரிசோதனை முடிவுகளை அலியைச் சுற்றியிருந்தவர்களுக்கு அனுப்பினார். பதில் இல்லை. அவர் விலகிக்கொண்டார். அடுத்த போட்டியில், 1978 பிப்ரவரியில், வெறும் ஏழு தொழில்முறைப் போட்டிகள் ஆடியிருந்த லியோன் ஸ்பிங்க்ஸிடம் அலி தோற்றார். செப்டம்பரில் அவரையே வென்று மூன்றாவது முறை சாம்பியன் ஆனார். அங்கேயே நின்றிருக்கலாம், ஓய்வும் அறிவித்தார். அதற்குப் பிறகுதான் மெட்ராஸ் வந்தது.

அன்று நேரு ஸ்டேடியத்து ரிங்கில் நின்ற எல்லிஸும் முன்னாள் உலக சாம்பியன்தான். அலிக்கு லூயிவில் ஊரின் இளமைக்கால நண்பர், 1971-இல் எதிராளி. பயிற்சியில் கண்ணில் பட்ட அடியால் 1975-இல் பாக்சிங்கை விட்டவர். பிற்காலத்தில் எல்லிஸுக்கு நினைவு தவறிப்போனது, 2014-இல் இறந்தார். அலிக்கு 1984-இல் பார்க்கின்சன் நோய் என்று கண்டுபிடித்தார்கள், 2016-இல் இறந்தார். பெரியப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நாங்க கைதட்டிகினு இருந்தோம்" என்று மட்டும் சொன்னார்.

ஹோம்ஸ் போட்டியின் வீடியோ கிடைத்தால் ஒருமுறை பாருங்கள். 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். அலி மெலிந்து, தலைமுடிக்குக் கருப்பு பூசி, பார்க்க அழகாக இருப்பார். எடை குறைக்கத் தைராய்டு மாத்திரை எடுத்ததால் வந்த மெலிவு அது. ஒரு காலத்தில் அலியிடம் ஸ்பாரிங் ஆளாகக் கூலி வாங்கிய ஹோம்ஸ், அடித்துவிட்டு ரெஃபரியைத் திரும்பிப் பார்ப்பார், நிறுத்தமாட்டார்களா என்று. மூன்று நடுவர்களும் எல்லா ரவுண்டையும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள், 100-90. இதற்குப் பிறகும் 1981 டிசம்பரில் பஹாமாஸில் இன்னொரு போட்டி ஆடித் தோற்றார் என்பது தனி வேதனை.

வீடியோவில் 10-ஆவது ரவுண்டு முடிந்ததும் அலியை விட்டுவிட்டு அவர் கார்னரை, அதாவது ரிங் மூலையில் நிற்கும் அவர் ஆட்களைப் பாருங்கள். 20 வருடமாகக் கூடவே இருந்த பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ, போதும் என்று ரெஃபரியிடம் சொல்கிறார். அலியின் உயிர்த் துணைவர் பண்டினி பிரவுன், டண்டீயின் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்து, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு என்று கெஞ்சுகிறார். பண்டினிக்கும் அலி மேல் அன்புதான். டண்டீ அவர் கையை விலக்கிவிடுகிறார். அலி ஸ்டூலில் உட்கார்ந்தபடி இருக்கிறார், ஒன்றும் சொல்லவில்லை.